எழுத்துக்கு இருபது ரூபாய்

திருத்தங்கல் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஒரு சைக்கிள் கடை. அதையடுத்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற கொட்டகை. அதற்கும் அடுத்தது காலேப்பின் பட்டறை. மரத்தில் எழுத்து வெட்டுவது அவருக்குத் தொழில். வாசலுக்குப் பெயர்ப்பலகை, டாக்டர் வீட்டுக்கு டாக்டர் பலகை, கல்யாணத்தில் கொடுக்க வேதவசனப் பலகை, கல்லறைக்குச் சிலுவை என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார். ஆனால் ஊரில் அவருக்கு வாய்த்த பெயர் 'ச்சை காலேப்பு'.

காரணம் இல்லாமல் இல்லை. மனிதர் வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் 'ச்சை'தான். டீயில் ஏடு மிதந்தால் ச்சை. பிளக்ஸ் போர்டைப் பார்த்தால் ச்சை. பழைய கதவுப் பலகையை ஆணியும் துருவுமாகக் கொண்டுவந்து, "இதுலயே வெட்டிக் குடுங்க, மரக்காசு மிச்சம்" என்று எவனாவது பல்லைக் காட்டினால், மூன்று ச்சை. முகத்தைச் சுளித்துச் சுளித்து மூக்குக்கு இரண்டு பக்கமும் உளியால் கீறியது போல இரண்டு கோடு நிரந்தரமாகவே விழுந்துவிட்டது. அவர் மனைவி ஞானஜோதி சிவகாசியில் ஆஸ்பத்திரி நர்ஸ். "அடிபட்டு வாறவுக முகமே உங்க முகத்துக்குத் தேவல" என்பாள்.

அவருக்குப் பெரிய அருவருப்பு பேரம்தான். அவருடைய அப்பா மிஷன் பள்ளித் தச்சுப்பட்டறையில் வேலை படித்தவர். பலகைக்கு இவ்வளவு என்று மொத்தமாக விலை சொல்லி, வருகிறவனிடமெல்லாம் தொண்டை வறள மல்லுக்கட்டியே காலத்தைக் கழித்தார். காலேப் தலையெடுத்ததும் அந்தக் கதையே வேண்டாம் என்று எழுத்துக்கு ஒரு விலை என்று வைத்துவிட்டார். இரண்டாயிரத்து ஏழில் அது இருபது ரூபாய். கொம்பும் காலும் எழுத்தோடு சேர்த்தி. புள்ளி வைத்த எழுத்தும் முழு எழுத்துதான். ஒரு தமிழ் வாத்தியார் வந்து, மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை, ஆகவே விலையும் அரை என்று இலக்கணம் பேசிப் பார்த்தார்.

"உங்க வாய்க்குத்தான் சார் அரை. என் உளிக்கு அது முளுசு" என்று அனுப்பிவிட்டார் காலேப்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவருக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. விலையை ஒரு காசு குறைக்க மாட்டார். எழுத்தைக் குறைத்துக் கொடுப்பார். 'அன்னை சோலையம்மாள் இல்லம்' என்று எழுதிக்கொண்டு வந்தவர் 'சோலை இல்லம்' என்ற பலகையோடு சந்தோஷமாகத் திரும்பிப் போனார். "இனிசியல் எதுக்கு? உங்க அப்பா பேரு போஸ்ட்மேனுக்குத் தெரியாதா?" என்பார். எந்த எழுத்தைத் தூக்கினால் பெயர் சாகாமல் நிற்கும் என்பது அவருக்கு அத்துபடி. காலேப்பிடம் போனால் துட்டு மிச்சம் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழும்போது மட்டும் முகச்சுளிப்பு கொஞ்சம் தளரும். அவ்வளவு பெருமை அதில்.

அந்த வருஷம் தை பிறந்த கையோடு ஒருநாள் காலையில் சோணைமுத்து பைக்கில் வந்து இறங்கினார். வாகைப்பூ ஃபயர்ஒர்க்ஸ் கம்பெனிக்கு மேனேஜர். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

"அண்ணாச்சி, தேக்குல ஒரு பலகை வேணும். வெம்பக்கோட்டை ரோட்டுல நம்ம யூனிட்டு இருக்குல்ல, அந்த வாசல்ல மாட்டுறது."

"பிளக்ஸ்ல அடிச்சு மாட்டிட்டுப் போக வேண்டியதுதான? எல்லாக் கம்பெனியும் அந்தக் கருமத்தத்தான மாட்டுறீக."

"பலகைன்னு வாக்குக் குடுத்தாச்சு. சட்டத்துல நாலு மூலையிலயும் நம்ம கம்பெனி மார்க் புஸ்வாணம் வரணும். பொறி தெறிக்கிற மாதிரி, நல்லா எடுப்பா."

சீட்டை நீட்டினார். மேலே கம்பெனி பெயர். அதன் கீழே ஐந்து பெயர்கள்: சண்முகத்தாய், மாரிக்கண்ணன், மாரிசெல்வி, செல்லச்சாமி, இசைவாணி. அடியில் ஒரு வரி: தொழில் செம்மல், கல்விக் காவலர் எஸ்.பி. காளிராஜ் பி.காம்.

"யாரு இந்த அஞ்சு பேரு?"

"நம்ம ஆளுகதான். மொதலாளிக்கு ரொம்ப வேண்டியவுக. கௌரவப்படுத்தணும்னு சொல்லுதாரு."

பெரிய ஓட்டல்களில் நல்ல வேலைக்காரன் என்று போட்டோ மாட்டுகிறார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டார் காலேப். தலைப்பு ஒன்றும் இல்லையே என்று கேட்டதற்கு, "தலைப்பெல்லாம் வேணாம்" என்று சோணைமுத்து அவசரமாகச் சொன்னார். பிறகு வழக்கம்போல் ஆரம்பித்தார். எழுத்துக்குப் பதினைந்து போட்டுக்கொள்ளக் கூடாதா என்றார்.

"ரேட்டக் கொறைக்க மாட்டேன். வேணும்னா எளுத்தக் கொறைச்சுத் தாரேன்."

சோணைமுத்துவின் முகம் மலர்ந்தது. இவருக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். காலேப்புக்கோ கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆள் கிடைத்த குஷி. காதில் செருகிய பென்சிலை எடுத்துச் சீட்டில் அடிக்கத் தொடங்கிவிட்டார். சண்முகத்தாய்க்குச் சண்முகம் போதும். செல்லச்சாமி செல்லம் ஆனார். இசைவாணியில் இசையைத் தூக்கிவிட்டு வாணியை வைத்தார்.

"மாரிதான் ரெண்டு இருக்கு. ரெண்டு மாரியையும் ஒண்ணாப் போட்டு, பக்கத்துல ரெண்டுன்னு நம்பரப் போட்டுட்டாப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

சோணைமுத்து சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து 'மாரி - 2' என்று எழுதிக்கொண்டார்.

"இந்தக் கோடு காசுக்கு உண்டா?"

"கோடு இனாம். நம்பரு ஒரு எளுத்து."

அடி வரிக்கு வந்து, "இதுல காளிராஜ்ன்னு மட்டும் வச்சா" என்று காலேப் பென்சிலை நீட்டினார். சோணைமுத்து சீட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மொதலாளி பேருல கைய வைக்காதீக அண்ணாச்சி. அது அப்படியே வரட்டும்."

எண்ணினார்கள். ஐந்து ஆட்களுக்கும் சேர்த்துப் பதினாலு எழுத்து. முதலாளி ஒருவருக்கு இருபத்தைந்து. ஆக முப்பத்தொன்பது. கம்பெனி பெயரையும் புஸ்வாணத்தையும் சட்டத்துக் கூலியில் சேர்த்தாயிற்று. விலை முடிந்து சோணைமுத்து பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார்.

சும்மா சொல்லக் கூடாது, காலேப் மனசு வைத்துச் செய்தார். மூலைக்கு ஒரு புஸ்வாணம். ஒவ்வொன்றிலும் பொறி பூப்பூவாய்ச் சிதறி விழும். எழுத்தும் ஒரே ஆழம், ஒரே சாய்வு. வேலை முடிந்து பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தபோது, இரவு டியூட்டிக்குப் போகிற வழியில் ஞானஜோதி சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். கணவருக்கு முன்னால் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தாள்.

"ஆரு செய்யச் சொன்னது இது?"

"வாகைப்பூ கம்பெனி. நல்ல வேலைக்காரங்களுக்குக் கௌரவம் பண்ணுதாகளாம். எப்படி, புஸ்வாணம் உசுரோட நிக்குதா?"

அவள் சீட்டைக் கேட்டாள். அடித்துப்போட்ட பெயர்களுக்குள் முழுப் பெயர்களைத் தேடி ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"தீவாளிக்கு முன்ன வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிமருந்து ரூமு வெடிச்சதுல்ல? அந்த அஞ்சு பேருங்க இது. எங்க வார்டுலதான் கிடந்தாக. இந்த இசைவாணி நாலு நாள் இருந்தா. மூடுன கண்ணத் திறக்கவே இல்ல. கட்டில்ல பேரு எளுதி மாட்டுனது நான்தான்."

"பேப்பர்ல வேற கம்பெனி பேருல்ல போட்டிருந்தான்?"

"குத்தகைக்கு எவன் பேருலயோ விட்டிருந்தாகளாம். ஆலை இவுக ஆலைதான். அங்கன வேலைக்குப் போன பொம்பளைக எல்லாம் ஒத்துமையா நின்னுட்டாக. செத்தவுக பேர வாசல்ல மாட்டுனாத்தான் உள்ள காலெடுத்து வைப்போம்னு. அதுக்குத்தான் இந்தப் பலகை."

காலேப் பலகையைப் பார்த்தார். வெந்து செத்தவர்களின் பெயரைச் சுற்றி நாலு புஸ்வாணம் பொறி பறக்க எரிந்துகொண்டிருந்தது. நடுவில் 'செல்லம்' என்றிருந்தது, கொஞ்சிக் கூப்பிடுகிற மாதிரி. அதற்கும் கீழே 'மாரி - 2'. கடையில் சரக்கு வாங்க எழுதிய சீட்டில்தான் அப்படி எழுதுவார்கள். வாயில் வைத்த சோற்றை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"ச்சை! இவனுகளும் மனுசனுகளா?"

"மாரி ரெண்டுன்னு போடச் சொன்னது அவுகளா?" என்று ஞானஜோதி கேட்டாள்.

அவர் காதில் செருகிய பென்சிலை எடுத்து மடியில் மறைத்தார். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவளுக்கு அது போதும். தூக்கை மூடி எடுத்துக்கொண்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். காலேப்புக்கு அந்தப் பார்வை எங்கேயோ பழக்கப்பட்டதாக இருந்தது. பிறகுதான் விளங்கியது, அது அவர் ஊரையெல்லாம் பார்க்கிற பார்வை.

இருந்தாலும் மனசு சமாதானம் தேடத்தானே செய்யும்! ஆர்டர் கொடுத்தவன் அவன், செய்தவன் நான், எனக்கென்ன என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். பலகையைத் திருப்பிச் சுவரோடு வைத்தார்.

மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்தாள். எம். புதுப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். பெயர் இருளம்மாள். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த பசை. வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"பேருப் பலகை இங்கனதான் செய்யுதாகன்னு சொன்னாக. எம் மக பேரு அதுல வருது. மாரிசெல்வி. ஒருக்கப் பாத்துட்டுப் போயிருதேன் அய்யா."

பாலிஷ் காயவில்லை, நாளைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவளே பலகையைக் கண்டுகொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்ததைத் தன் பக்கம் திருப்பிவிட்டாள். எழுத்துக்களின் மேல் விரலை ஓட்டினாள்.

"இதுல எம் புள்ள எதுங்க?"

காலேப் 'மாரி'யைக் காட்டினார். அந்த அம்மா வலது கையை விரித்துக் கட்டைவிரலை முதல் எழுத்தில் ஊன்றினாள். சுண்டுவிரல் பக்கத்து நம்பரைத் தாண்டி வெறும் மரத்தில் போய் நின்றது.

"எனக்குப் படிக்கத் தெரியாது. அவ எட்டாவது வரைக்கும் போனவ. வீட்டுச் சுவத்துல கரித்துண்டால பேர எளுதிப் போட்டிருக்கா. அத நான் அழிக்கல. என் கையால ஒரு சாணு வரும். இது பாதியிலயே நிக்குதே அய்யா. மிச்சம் எங்க?"

சுவரில் இருக்கும் எழுத்து பெருசு, பலகை எழுத்து சிறுசு என்று சொல்லி அனுப்ப நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தனை வருஷம் ஆட்களைப் பேசிச் சரிக்கட்டின நாக்கு அல்லவா? அன்றைக்கு அது அவருக்கே நாறியது.

"வேல இன்னும் முடியலம்மா. முளுசா வரும். நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

"சரிங்கய்யா. பக்கத்துல இருக்கிறது யாரு?"

"அது ஒரு நம்பரும்மா. தப்பா விளுந்துருச்சு."

அவள் பஸ் ஏறியதும் காலேப் தன் பழைய சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே சிவகாசி ஆபீசுக்குப் போனார். ஏ.சி. ரூமில் சோணைமுத்து புது விலைப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு ஐயாயிரம் என்று அச்சடித்து, அதில் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று சிவப்பில் போடுகிற பட்டியல். காலேப் உட்காரவில்லை.

"முளுப் பேரு வெட்டித் தாரேன். கூட வாற எளுத்துக்கு எனக்குத் துட்டு வேணாம்."

"எதுக்கு அண்ணாச்சி வம்பு? எளுத்தக் கொறைக்கச் சொன்னதே நீங்கதான?"

"அப்ப அவுக செத்தவுகன்னு நீரு சொல்லலையே."

சோணைமுத்து கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "முளுப் பேரப் போட்டா நாளைக்கு எவனாவது போட்டோ எடுத்துட்டுப் போயி, பாரு, இவுக ஆளுகதான்னு கேசுல காட்டுவான். சண்முகம்னா யாரு? ஆணா, பொண்ணா? மாரி ரெண்டுன்னா எந்த மாரி? பேரப் போடுன்னாக, போட்டாச்சு. நல்ல நேரம், நீங்களே ஒரு வளி சொன்னீக. நானே யோசிச்சிருந்தாக்கூட இம்புட்டு அளகா வந்திருக்காது."

காலேப்புக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காசுக்காகக் குறைத்தார்கள் என்று நினைத்தது போய், இவர் கெட்டிக்காரத்தனத்தை அல்லவா ஐந்து பேர் மேலும் மண் போல அள்ளிப் போட்டிருக்கிறான் இவன்! அதிலும் 'அளகா' என்கிறான்.

"மொதலாளி ஓகே பண்ணிட்டாரு. முப்பத்தொம்பது எளுத்து. அதுக்கு மேல ஒண்ணு கூடவும் கூடாது, ஒண்ணு கொறையவும் கூடாது. பில்லு அப்படித்தான் போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை பூசை. துணி சுத்திக் கொண்டாந்துருங்க" என்றார் சோணைமுத்து.

"முப்பத்தொம்பதுதான?"

"முப்பத்தொம்பதே."

"சரி" என்று காலேப் திரும்பிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் யாரிடமும் சரி என்று சொன்னது கிடையாது.

பட்டறைக்கு வந்ததும் சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பலகையைக் கிடத்தி இழைப்புளியை எடுத்தார். வெட்டின எழுத்து மறைகிற வரைக்கும் இழைத்தார். சண்முகம் போயிற்று, செல்லம் போயிற்று, வாணி போயிற்று, மாரியும் அந்தப் பாழாய்ப்போன இரண்டும் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தன. தொழில் செம்மலும் கல்விக் காவலரும் கூடவே விழுந்தார்கள். சட்டத்து மூலைகளில் பொறிகளைக் கொத்தி எடுத்தார். தன் கை வேலையைத் தானே கொத்துவது அவருக்குக் கஷ்டமாக இல்லை. நாலு மூலையிலும் வெறும் சட்டி மட்டும் மிஞ்சியது. பொறி பறக்காவிட்டால் புஸ்வாணம் எவ்வளவு அசிங்கமான சாமான் என்று அன்றைக்குத்தான் பார்த்தார்.

பிறகு கரும்பலகையில் எண்ணத் தொடங்கினார். சண்முகத்தாய்க்கு ஏழு. மாரிக்கண்ணனுக்கும் ஏழு. மாரிசெல்விக்கு ஐந்து, செல்லச்சாமிக்கு ஆறு, இசைவாணிக்கு நாலு. இருபத்தொன்பது ஆயிற்று. பாக்கி பத்து. அந்தப் பத்துக்குள் முதலாளியை அடக்க வேண்டும். ஆளைச் சுருக்குவதில் அவருக்கு ஈடு உண்டா? இரண்டே எழுத்தில் அடக்கிவிட்டார். மீதம் எட்டு. தலைப்பு இல்லாமல் பலகை மொட்டையாகத்தானே இருந்தது! தலைப்புக்கு எட்டெழுத்துச் சொல் ஒன்று சொல்லிவைத்த மாதிரி வந்து உட்கார்ந்தது.

ஞானஜோதி வந்து பார்த்தபோது பலகையில் மேலே கம்பெனி பெயர், அதற்கடுத்து 'மறைந்தவர்கள்', அதன் கீழே வரிசையாக ஐந்து பெயர்கள், கடைசியில் 'காளி'.

"ஏங்க, இப்படிப் பாத்தா காளியும் செத்துப்போன ஆளு மாதிரில்ல இருக்கு?"

"எளுத்து சரியா இருக்கா, அத மட்டும் எண்ணிச் சொல்லு."

அவள் எண்ணினாள். சரியாக இருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆலை வாசலில் பந்தல் போட்டிருந்தது. பலகை மஞ்சள் துணிக்குள் இருந்தது. துணியை நீக்குகிற வரைக்கும் யாரும் பார்க்கக் கூடாது என்று சாத்திரம் பேசி, காலேப்பே நாலு பக்கமும் ஊசி நூல் போட்டுத் தைத்து மாட்டியிருந்தார். சோணைமுத்து அந்த ஓட்டத்திலும் வந்து, "முப்பத்தொம்பதுதான அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலாளி காளிராஜ் பட்டு வேட்டியில், மனைவியோடு வந்து நின்றார். பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கத்திரிக்கோலால் தையலை வெட்டித் துணியை இழுத்துவிட்டு, பலகையைப் பார்க்காமல் போட்டோக்காரனைப் பார்த்துக் கை கூப்பினார். மைக் செட்டுக்காரன் வாடகைக்கு வந்தவன். அவனுக்கு யார் எவர் என்று தெரியாது. பலகையில் இருந்ததை அப்படியே கணீர் என்று படித்தான்.

"மறைந்தவர்கள்! சண்முகத்தாய்! மாரிக்கண்ணன்! மாரிசெல்வி!"

ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு மூலையிலிருந்து அழுகை வெடித்தது. மூன்றாவது பெயருக்கு இருளம்மாள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். செல்லச்சாமி, இசைவாணி என்று படித்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிப் பெயரையும் அதே கணீரில் படித்தான்.

"காளி!"

அழுகை ஒரு நொடி நின்றது. எந்த மூலையிலிருந்து அழுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒருத்தி கேட்டாள், "காளி யாருத்தா? நம்ம யூனிட்டுல காளின்னு ஆரு?"

"மருந்து ரூமுக்குப் புதுசா வந்த பயலா இருக்கும். அய்யோ, பேரு கூட நமக்குத் தெரியலையே!"

"அப்ப ஆறு பேரா? அஞ்சுன்னுல்ல சொன்னானுக! ஆறாவது பொணத்த எங்கலே மறைச்சீக?"

அவ்வளவுதான். பெண்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சோணைமுத்துவைச் சூழ்ந்துகொண்டார்கள். காளி வீட்டுக்கு என்ன கொடுத்தீக, காளியோட ஆத்தா எங்க இருக்கா என்று ஆளுக்கொரு பக்கம் வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கிழவி ஒரு கை பூவை அள்ளி, "நீ யாரு பெத்த புள்ளையோ" என்று அழுதுகொண்டே காளியின் மேல் தூவினாள். முதலாளியின் மனைவி தாலியைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு காரில் போய் ஏறிவிட்டாள்.

காளிராஜ் அப்போதுதான் திரும்பிப் பலகையைப் பார்த்தார். "ஏலே சோணை, யாருலே அது காளி?"

"நீங்கதான் மொதலாளி" என்றார் சோணைமுத்து, கூட்டத்துக்குள்ளிருந்து.

கடைசியில் வேறு வழியில்லாமல் தொழில் செம்மலே மைக்கை வாங்கினார். முகம் வேர்த்து வழிந்தது. "காளி நான்தாம்மா. நான் உசுரோடதான் இருக்கேன்" என்றார். கூட்டம் அவரை மேலும் கீழும் பார்த்தது. பூப்போட்ட கிழவி, "அதான பாத்தேன்" என்று சொல்லி, மூக்கைச் சிந்தித் தரையில் உதறினாள். காலேப் அந்தச் சத்தத்தைக் கேட்டார். தன்னுடைய அத்தனை ச்சையும் அதற்குக் கால் தூசி என்று பட்டது.

மறுநாள் காலையில் பலகை பட்டறைக்குத் திரும்பி வந்தது. கழற்றிய இடத்துக்கே திங்கட்கிழமைக்குள் போயாக வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தி உள்ளே வர மாட்டாள். சோணைமுத்துவின் சட்டையில் ஒரு பை கிழிந்து தொங்கியது. மாற்றக்கூட நேரமில்லை போல. தலைப்பை எடுக்கச் சொல்லிப் பார்த்தாராம், ஐந்து பெயரைச் சுருக்கச் சொல்லியும் பார்த்தாராம். அந்தப் பெண்கள் பெயர்களைக் கையால் தடவிப் பார்த்தாயிற்று, இனி ஒரு புள்ளி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"மொதலாளி பேர மட்டும் எடுத்துருங்க அண்ணாச்சி. வீட்டுல அம்மா ராத்திரியெல்லாம் அழுகை."

"அவரு பேருல கைய வைக்கக் கூடாதுன்னு சொன்னீக."

"எடுத்துருங்க."

"வெட்டத்தான் எளுத்துக்கு இருபது. எடுக்கிறதுக்கு ரேட்டு வேற. எளுத்துக்கு ஆயிரம்" என்றார் காலேப்.

சொல்லிவிட்டுப் பேரத்துக்குக் காத்திருந்தார். சோணைமுத்து இரண்டு எழுத்துக்கும் எண்ணி வைத்துவிட்டுத் திண்டாடிப்போய் நின்றார். பேரம் பேசாமல் ஒருவன் காசு கொடுப்பதைக் காலேப் அன்றைக்குத்தான் பார்த்தார். அதற்கும் வாயில் ஒரு ச்சைதான் வந்தது. இந்தத் தடவை சட்டத்தைப் பசை போட்டு இறுக்கியிருந்தார், இழைப்புளி போகாது. உளியாலேயே குடைந்து எடுத்தார். அடியில் இரண்டு எழுத்து அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. அதை நிரவிக் கொடுக்கவும் முடியும். அவர் நிரவவில்லை.

வாகைப்பூ மட்டுமல்ல, அதற்குப் பிறகு எந்தப் பட்டாசுக் கம்பெனியும் காலேப்புக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. எழுத்தைக் குறைத்துக் கொடுப்பதை அவரும் விட்டுவிட்டார். வருகிறவர்கள் எழுதிக்கொண்டு வருவதை அப்படியே வெட்டினார். காலேப்புக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

அந்தத் திங்கட்கிழமை அவரே போய்ப் பலகையை மாட்டினார். முதல் ஷிப்டுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். இருளம்மாள் வேலைக்கு வருகிறவள் இல்லை, இதற்கென்றே பஸ் ஏறி வந்திருந்தாள். கையை விரித்து மகள் பெயரின் மேல் வைத்தாள். கட்டைவிரல் முதல் எழுத்தில், சுண்டுவிரல் கடைசி எழுத்தில். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"சரியா இருக்கு அய்யா" என்றாள். பிறகு குனிந்து அடியிலிருந்த பள்ளத்தைத் தடவினாள். "இங்கன என்ன இருந்துச்சு?"

"மொதலாளி பேரும்மா. துட்டுக் குடுத்துப் பேரு எடுத்துட்டாரு."